சோழவரத்தில் எஃப்1 ஓடியதா? ரேஸ் ட்ராக் கதைகளைச் சரிபார்க்கப் போன அனுபவங்கள்

பழைய கிளட்ச்:

எங்கள் பெரியப்பா எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் சென்னைக்குப் பக்கத்துச் சோழவரத்தில் பார்த்த கார் பந்தயங்களுக்கு வந்துவிடுவார். "நீங்க டிவியில பாக்குற எஃப்1ஐ நான் சோழவரத்துல நேர்ல பாத்தவன்டா" என்பார். எஃப்1 என்றால் ஃபார்முலா 1, கார் பந்தயத்தின் உச்சப் படி. வீட்டில் ஒருவரும் நம்பியதில்லை. 2011 அக்டோபர் 30, தீபாவளி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. மீந்த முறுக்கைக் கொறித்துக்கொண்டு எல்லாரும் கிரேட்டர் நொய்டா பந்தயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இதுதான் இந்தியாவின் முதல் எஃப்1 பந்தயம் என்று டிவியில் சொன்னதும் தம்பி பெரியப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டான். அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அன்று நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

ரொம்ப நாள் கழித்து, அவருடைய நண்பர் வீட்டில் ஒரு பழைய ஆல்பத்தைப் புரட்டும்போது உறுத்தியது. வைக்கோல் கட்டுகள், கூட்டம், நடுவில் அகலச் சக்கரங்களோடு ஒரு ஒற்றை இருக்கைக் கார். அப்புறம்தான் தேட ஆரம்பித்தேன். சோழவரம் ட்ராக்காகக் கட்டப்பட்ட இடமே இல்லை. இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதை அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல வருஷம் பந்தயம் நடத்தியது. 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா அங்கே ஓட்டியது என்சைன் என்ற கார். இங்கிலாந்தில் எஃப்1 பந்தயத்துக்காகவே கட்டப்பட்ட கார் அது.

ஆக, சோழவரத்தில் ஓடியது எஃப்1 கார். எஃப்1 உலகச் சாம்பியன்ஷிப் பந்தயம் அங்கே நடந்ததில்லை. பெரியப்பா சொன்னதும் சரி, டிவியில் சொன்னதும் சரி. நாங்கள் சிரித்ததுதான் தப்பு.

இதுபோல ட்ராக் பற்றிக் கேட்ட கதையைத் தோண்டிப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

கோவை டூ-ஸ்ட்ரோக்:

எங்கள் ஊர்க் கதை இரண்டு. செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் ட்ராக்கை, பந்தய ஓட்டுநரும் கார் வடிவமைப்பாளருமான கரிவரதனே கட்டினார் என்று டீக்கடை தொடங்கிக் கல்லூரி கேன்டீன் வரை கேட்டிருக்கிறேன். நானும் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன், மறைக்க என்ன இருக்கிறது. அவர் 1995இல் சிறு விமான விபத்தில் இறந்துவிட்டார். ட்ராக் திறந்தது 2003இல். அவர் நினைவாக வைத்த பெயர் அது. அவர் வடிவமைத்தவை கார்கள். ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் அவர் கொடுத்ததுதான்.

இரண்டாவது, எஃப்1 ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் சின்னப் பையனாக இருந்தபோது இந்த ட்ராக்கில்தான் பழகினார் என்பது. கோவைக்காரர் என்பதால் நம்பத் தோன்றும். ஆனால் 1977இல் பிறந்தவர், ட்ராக் திறந்தபோது வயது 26, ஐரோப்பாவில் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டே வருஷத்தில், 2005இல், எஃப்1க்கே போயாச்சு. அவருடைய முதல் பந்தயம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ட்ராக்கில், ஃபார்முலா மாருதி காரில். இதை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மாமா பதிலே போடவில்லை, இன்னொரு குழுவில் பழைய கதையையே ஃபார்வர்ட் செய்தார்.

லேப் டைம் லட்சுமணன்:

என் கதையில் முட்டாள் நானே. மேலே சொன்ன ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ட்ராக், அதாவது இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கின் நீளம் 3.717 கிலோமீட்டர். சொந்த வண்டியை ட்ராக்கில் ஓட்ட விடும் ஒரு ட்ராக் டேயில் பைக்கில் ஜிபிஎஸ் கட்டிக்கொண்டு ஓட்டினேன். எந்த லேப்பை எடுத்தாலும் நீளம் குறைவாகவே காட்டியது. "நீளத்தைக் கூட்டிச் சொல்லியிருக்காங்க" என்று வண்டிகளை நிறுத்தும் பேடாக்கில் உட்கார்ந்து பெரிய பேச்சுப் பேசினேன். பக்கத்தில் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்த வயதான மெக்கானிக் கேட்டார்: "தம்பி, நீங்க ட்ராக்கோட நடுவுலயே ஓட்டுனீங்களா?"

அவ்வளவுதான் விஷயம். ட்ராக்கின் நீளத்தை நடுக்கோட்டில் அளக்கிறார்கள். நாம் ரேஸிங் லைனில் வளைவின் உள்விளிம்பை உரசிக்கொண்டு போகிறோம். ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் மிச்சம்.

அதே நாளில் இன்னொன்றும் தெரிந்தது. நேர்ப்பாதை முடிவில் மணிக்கு 148 கிலோமீட்டர் தொட்டதாக என் பைக் மீட்டர் சொன்னது. ஜிபிஎஸ் 139 என்றது. மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்று விதி இருப்பதால் கம்பெனிகள் கொஞ்சம் ஏற்றியே வைக்கின்றன. "சி1க்குள்ள (முதல் வளைவு) 150ல போனேன்" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் மனதுக்குள் பத்தைக் கழித்துக்கொள்கிறேன். என் பழைய கதைகளுக்கும் அதே கழிவுதான்.

கணக்கு வாத்தி:

நொய்டா ட்ராக்கில் எஃப்1 கார்களின் சராசரி வேகமே மணிக்கு 300 கிலோமீட்டர் என்று ஒரு மாணவன் அடித்துச் சொன்னான். கரும்பலகையிலேயே போட்டுப் பார்த்தோம். ஒரு சுற்று 5.125 கிலோமீட்டர். 2011இல் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடிக்க ஓட்டுநர் வெட்டல் ஒரு சுற்றுக்கு எடுத்த நேரம் 1:24.178. வகுத்தால் மணிக்கு 219 கிலோமீட்டர்தான் வருகிறது. 300ஐத் தாண்டுவது அந்த நீளமான நேர்ப்பாதையில் மட்டும்.

உடனே இன்னொருத்தி எழுந்தாள். 60 சுற்று என்றால் 307.5 வரவேண்டும், பந்தயத் தூரம் 307.249 என்று போட்டிருக்கிறதே, தப்பா? தப்பில்லை. புறப்படும் கோடும் முடிக்கும் கோடும் ஒரே இடத்தில் இல்லை. 251 மீட்டர் வித்தியாசம். அன்று பாடம் நடக்கவில்லை.

தீவுத்திடல் திருவாளர்:

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1, சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் எஃப்4 கார் பந்தயம். எங்கள் ஆபீஸ் அருகே டீ மாஸ்டர், "எஃப்1 வருது சார், எஃப்4ன்னா நாலாவது ரவுண்டு" என்றார். சிரிக்காமல் விளக்கினேன்: எஃப்4 என்பது கார்ட்டிங் முடித்த பிள்ளைகள் ஏறும் முதல் படி.

ஆனால் என் மேனேஜர் அனுப்பிய செய்தியில், "இந்தியாவின் முதல் ஸ்ட்ரீட் சர்க்யூட்" (ஊர்ச் சாலையையே ட்ராக் ஆக்குவது) என்று இருந்தது. 2023 பிப்ரவரியிலேயே ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஓரமாகச் சாலையில் ஃபார்முலா ஈ என்ற மின்சாரக் கார் பந்தயம் ஓடிவிட்டதே! ஆனால் அது பகலில். சென்னைக்குச் சொன்னது "முதல் இரவுநேர ஸ்ட்ரீட்" பந்தயம் என்று. ஃபார்வர்ட் ஆகி ஆகி "இரவு" மட்டும் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. மேனேஜரிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அப்ரைசல் மாதம். சொல்லவில்லை.

ஸ்டுட்கார்ட் சாம்பார்:

இங்கே ஜெர்மனியில் கார் கம்பெனிகளே இதில் கில்லாடிகள். கார்களின் வேகத்தைச் சோதிக்கும் நூர்பர்க்ரிங் நோர்ட்ஷ்லைஃப ட்ராக்கில் நேரம் எடுக்க இரண்டு நீளம் உண்டு: 20.6 கிலோமீட்டர், 20.832 கிலோமீட்டர். பார்வையாளர் மாடம் இருக்கும் நேர்ப்பாதையின் ஒரு துண்டை விட்டுவிட்டால் சின்னது, சேர்த்தால் பெரியது. 2021இல் போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ் ஓடிய ஒரே லேப்புக்கு 6:38.835 என்றும் 6:43.300 என்றும் இரண்டு நேரம் வெளியிட்டார்கள். இரண்டும் உண்மை. நாலரை விநாடி, 232 மீட்டர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு காரின் சின்ன நேரத்தை இன்னொரு காரின் பெரிய நேரத்தோடு ஒப்பிட்டு ஸ்லைடு போட்டு, மீட்டிங்கில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது விநாடியைப் பார்ப்பதற்கு முன் நீளத்தைத்தான் பார்க்கிறேன்.

பழைய கிளட்ச்:

நேற்று ராத்திரி எல்லாவற்றையும் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மெக்கானிக் இடத்தில் மட்டும் சிரித்தார். முடித்ததும், "எல்லாம் சரி, அந்த வண்டி சத்தம் எப்படி இருந்துச்சுன்னு எழுதுனியா?" என்றார்.