1 டிபி ஹார்ட் டிஸ்கிலிருந்து 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு விண்டோஸை அப்படியே மாற்ற முடியுமா?

மணல்கடிகாரம்:
என் லேப்டாப்பில் 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. டெஸ்க்டாப் வந்த பிறகும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நெடுநேரம் நிற்கிறது. 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். சி டிரைவில் 140 ஜிபி இருக்கிறது, டி டிரைவில் 420 ஜிபி குடும்பப் படங்களும் வீடியோக்களும். புதிதாக விண்டோஸ் போடச் சொல்கிறார்கள். எனக்கு அது ஒத்துவராது. நான் தினமும் திறக்கும் கணக்கு மென்பொருளை மறுபடி நிறுவ சிடியும் இல்லை, அதை எழுதித் தந்தவர்களும் இப்போது தொழிலில் இல்லை. சி டிரைவை மட்டும் காப்பி செய்தால் போதுமா?

ஈயப்பற்று:
போதாது. புதிய கணினிகளில், விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட் கோப்புகள் சி-யில் இருப்பதில்லை. இஎஃப்ஐ என்ற சின்ன பார்ட்டிஷனில் (டிஸ்கின் தனிப் பகுதியில்) இருக்கும், பெரும்பாலும் 100 எம்பிதான். எக்ஸ்ப்ளோரரில் தெரியாது, டிஸ்க் மேனேஜ்மெண்டில் தெரியும். அதுவும் சி-யும் ரெக்கவரி பார்ட்டிஷனும் சேர்ந்து போக வேண்டும். டி-யை எக்ஸ்டெர்னல் டிஸ்கில் வைத்துவிட்டால் 140 ஜிபிக்கு 500 தாராளம். எஸ்எஸ்டி தயாரிப்பாளர்கள் பலர், டிஸ்கை அப்படியே நகலெடுக்கும் குளோன் மென்பொருள் தருகிறார்கள். குளோன்ஜில்லா என்ற இலவச குளோன் மென்பொருள் என்றால் மூல டிஸ்கைவிடச் சிறியதை அது சாதாரணமாக ஏற்காது, முதலில் பார்ட்டிஷன்களைச் சுருக்க வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒன்று செய்யுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பழைய டிஸ்கின் ஸ்மார்ட் விவரத்தைப் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதியும் கணக்கை) பாருங்கள். ‘கரண்ட் பெண்டிங் செக்டார்’ என்ற வரியில் என்ன இருக்கிறது?

புதுவிதை:
நான் புது இன்ஸ்டால் கட்சி. விண்டோஸ் 10-இன் டிஜிட்டல் லைசன்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க் மாறினாலும் கீ கேட்காது. ஆனால் அந்தக் கணக்கு மென்பொருள் விஷயத்தில் குளோன்தான் வழி, ஒப்புக்கொள்கிறேன்.

மணல்கடிகாரம்:
பெண்டிங் 8 காட்டுகிறது. மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கையும் இருக்கிறது.

ஈயப்பற்று:
அப்படியானால் எஸ்எஸ்டியைத் தள்ளி வையுங்கள். டிஸ்கால் படிக்க முடியாமல் போன 8 செக்டார்கள் (சின்னச் சின்ன சேமிப்புப் பகுதிகள்) அங்கே காத்துக்கிடக்கின்றன. நீங்கள் சொன்ன மந்தத்துக்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம், ஏனென்றால் கெட்ட இடத்தில் டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்று நிற்கும். இந்த நிலையில் செக்டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் சோதனையை ஓட்டவே வேண்டாம், நொந்த டிஸ்கை அது இன்னும் வாட்டும். முதலில் படங்கள். அப்புறம் கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர். விண்டோஸ் கடைசியில்தான், அது போனாலும் திரும்பக் கிடைக்கும், படம் கிடைக்காது. காப்பி நடுவில் நின்றால் அந்தக் கோப்பை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

பிறகு குளோன். பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு இருந்தால் முதலில் நீக்குங்கள். வேறு மீடியாவிலிருந்து பூட் செய்து குளோன் செய்வதானால், ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்போது சாதாரண ஷட் டவுன் பாதி உறக்கம்தான். எஸ்எஸ்டியை யுஎஸ்பி அடாப்டரில் மாட்டுங்கள். முடிந்ததும் பழையதைக் கழற்றி, அதே இடத்தில் எஸ்எஸ்டியைப் போட்டு முதல் பூட் செய்யுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அடையாள எண் மோதி விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடலாம்.

நள்ளிரவுவிசிறி:
பின்னால் படிப்பவர்களுக்கு: இது சாட்டா இணைப்புள்ள எஸ்எஸ்டிக்கு. என்விஎம்இ என்ற இன்னும் வேகமான வகைக்கு மாறினால் பூட் டிவைஸ் கிடைக்கவில்லை என்று நீலத்திரை வரலாம். ஒருமுறை சேஃப் மோடில் திறந்தால் பெரும்பாலும் டிரைவர் ஏற்றப்பட்டுச் சரியாகிவிடும்.

மணல்கடிகாரம்:
முடிந்தது! டி-யில் ஒரு வீடியோ மட்டும் வரவில்லை. சி பிழையில்லாமல் குளோன் ஆனது, கணக்கு மென்பொருளும் திறந்தது. ரொம்ப நன்றி ஐயா. எஸ்எஸ்டிக்கு டிஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்துவது) ஓடாமல் நிறுத்த வேண்டுமா? பழைய டிஸ்கை ஃபார்மேட் செய்து பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாமா?

ஈயப்பற்று:
‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ பகுதியில் ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’ என்று காட்டினால் அந்த அட்டவணையைத் தொடாதீர்கள். எஸ்எஸ்டிக்கு அது டிரிம் கட்டளை (எந்த இடங்கள் காலி என்று சொல்வது) அனுப்பும், அது தேவையான வேலை. பழைய டிஸ்க் பேக்கப்புக்கு வேண்டாம். ஃபார்மேட் செய்யாமல் எடுத்து வையுங்கள், வராத அந்த வீடியோவை டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் கொண்டு மீட்டுப் பார்க்கலாம். படங்கள் இப்போது ஒரே ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்கில்தானே இருக்கின்றன? இந்த வாரமே இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள்.