'டபுள் ஆப்ட்-இன்' என்பதற்குத் தமிழ்: ஈரிசைவா, இசைவுறுதியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

செய்திமடல் அனுப்பும் ஒரு கட்டற்ற மென்பொருளின் இடைமுகத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளாக ஒரே சரத்தில் (திரையில் தோன்றும் சிறு உரைத்துண்டில்) நிற்கிறேன். படிவத்தில் முகவரி கொடுத்தவருக்கு உடனே ஒரு மடல் போகும். அதிலுள்ள இணைப்பைத் தொட்டால்தான் அவர் பட்டியலில் சேர்வார். ஆங்கிலத்தில் இதை 'டபுள் ஆப்ட்-இன்' என்கிறார்கள். முன்பு யாரோ 'இரட்டை விருப்பத் தேர்வு' என்று போட்டு வைத்திருக்கிறார்கள். படித்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதுபோல இருக்கிறது. 'இருமுறை இசைவு' என்று மாற்றலாமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் நடத்தும் சிறு மடலில் பெயர் பதிகிறவர்களில் நிறையப் பேர் அந்த இரண்டாம் படியைத் தாண்டுவதே இல்லை. தமிழாக்கம்தான் காரணமோ என்று ஐயம்.

———

> 'இருமுறை இசைவு' என்று மாற்றலாமா?

சுருக்கமாக 'ஈரிசைவு' என்றே வைக்கலாமே தம்பி. ஈராயிரம், ஈருருளி போல. ஒரே சொல்லாக நிற்கும், வேற்றுமை உருபும் எளிதில் ஏறும். ஈரிசைவு மடல், ஈரிசைவு முறை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதை இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லட்டும்.

———

ஐயாவுக்கும் தம்பிக்கும் வணக்கம்.

'ஈரிசைவு' காதுக்கு இனிமை, புணர்ச்சியும் சரி. என் மறுப்பு அந்த 'ஈர்' மீதுதான். இங்கே இரண்டு இசைவு எங்கே இருக்கிறது?

படிவத்தில் யாரோ ஒரு முகவரியைத் தட்டுகிறார். அது அவருடையதுதானா என்று அந்த நொடியில் யாருக்கும் தெரியாது. விரல் தவறியிருக்கலாம். வேண்டாதவர் ஒருவரின் முகவரியை வம்புக்குத் தட்டியிருக்கலாம். மனிதரே இல்லாமல் நிரலாகவும் இருக்கலாம். 2016 ஆகஸ்டில் இப்படித்தான் நடந்தது. தானியங்கி நிரல்கள் குறிப்பிட்ட சிலரின் முகவரிகளை ஆயிரக்கணக்கான செய்திமடல் படிவங்களில் நிரப்பின, அவர்களின் அஞ்சல்பெட்டிகள் மூழ்கிப்போயின. கேட்காமலே சேர்த்துக்கொண்ட பட்டியல்கள் மடல்மேல் மடலாக அனுப்பிக்கொண்டிருந்தன. கேட்டுச் சேர்த்தவை ஒரு மடலோடு நின்றன.

ஆகவே படிவத்தில் வருவது வெறும் வேண்டுகை. பெட்டிக்கு உரியவர் மடலைத் திறந்து 'ஆம்' என்று சொல்வதுதான் முதலும் கடைசியுமான இசைவு. அதை 'இரட்டை' என்பது, வாசலில் யாரோ கதவைத் தட்டியதையும் வீட்டுக்காரர் திறந்ததையும் கூட்டி 'இரண்டு முறை திறந்தார்' என்று கணக்கெழுதுவதுபோல.

ஆங்கிலத்திலேயே இது தகராறான சொல். ஸ்பேம்ஹாஸ் போன்ற எரிதத் (ஸ்பேம்) தடுப்பு அமைப்புகள் 'கன்ஃபர்ம்ட் ஆப்ட்-இன்', அதாவது உறுதிசெய்த இசைவு, என்றே எழுதுகின்றன. இருமுறை கேட்டுத் தொல்லை செய்வதுபோன்ற தோற்றத்தை 'டபுள்' தருகிறது என்பது அவர்கள் தரப்பின் குறை. தொல்லை என்ற அந்த எண்ணத்துக்கு வலுவும் உண்டு. 2017 இறுதியில் செய்திமடல் அனுப்பும் சேவையான மெயில்சிம்ப் தன் படிவங்களின் இயல்பமைப்பை உறுதி கேட்காத முறைக்கு மாற்றியது. எதிர்ப்பு வந்தபின் ஐரோப்பிய ஒன்றியத்துப் பயனர்களுக்கு மட்டும் பழையபடி விட்டது. அங்கே 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 7ஆம் பிரிவு, ஒருவர் இசைந்தார் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைத் தரவை வைத்திருப்பவர் தலையில்தான் போடுகிறது. அவர்கள் ஊர்ச் சண்டையில் ஒரு கட்சியின் சொல்லை நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

என் முன்மொழிவு: இசைவுறுதி. இசைவு + உறுதி. கதவு + அடைப்பு கதவடைப்பு ஆவதுபோல. போகும் மடல் இசைவுறுதி மடல். கேட்காமல் சேர்க்கும் முறைக்கு 'ஒற்றை' என்று எண் போட வேண்டாம், நேர்ச்சேர்ப்பு என்றால் போதும். பதிந்துவிட்டு இன்னும் இணைப்பைத் தொடாதவர் 'உறுதி நிலுவை'யில் இருப்பவர்.

இவையெல்லாம் நிர்வாகி பார்க்கும் பக்கத்துக்கு. வாசகர் கண்ணில் இவற்றில் ஒன்றுகூடப் படக்கூடாது. தம்பியின் இரண்டாவது கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாம் கலைச்சொல்லை ஆக்கிய சூட்டில் அதையே பொத்தானிலும் தலைப்பிலும் ஒட்டிவிடுகிறோம்.

பொத்தானை எடுத்துக்கொள்வோம். இடைமுகத் தமிழில் 'சேமி', 'அனுப்பு', 'நீக்கு' என்று ஒருமை ஏவல் வைப்பது வழக்கம். அங்கே பயனர் கணினிக்குக் கட்டளை இடுகிறார், அதனால் உறுத்தாது. மடல் அப்படியல்ல. 'அன்புள்ள வாசகருக்கு' என்று தொடங்கி மரியாதையாகப் பேசிக்கொண்டே வந்து, கீழே 'உறுதிப்படுத்து' என்று போட்டால், யார் யாருக்குச் சொல்வது? எழுதியவர் திடீரென்று 'நீ' என்று அதட்டுவதுபோல ஆகிவிடுகிறது. சரி என்று 'உறுதிப்படுத்தவும்' ஆக்கினால் அலுவலகச் சுற்றறிக்கை. இரண்டுமே வாசகரைப் பார்த்து நாம் பேசுகிற சொற்கள். பொத்தானோ வாசகர் வாயில் வர வேண்டிய சொல். 'ஆம், அனுப்புங்கள்' என்று எழுதிப் பாருங்கள். வாசகர் நமக்குச் சொல்கிறார், மரியாதையும் இருக்கிறது, தொட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரிகிறது.

அடுத்தது தலைப்புவரி. இதில் நம் வாக்கிய அமைப்பே நமக்கு எதிராக வேலை செய்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும். 'உங்கள் மின்னஞ்சல் சந்தாவை உறுதிப்படுத்தவும்' என்ற வரி கைப்பேசித் திரையில் 'உங்கள் மின்னஞ்சல் சந்தா…' என்று வெட்டுப்பட்டு நிற்கும். என்ன செய்யச் சொல்கிறோம் என்ற பகுதிதான் போய்விடுகிறது. மிச்சமிருப்பதைப் பார்த்தால் ஏதோ கட்டண நினைவூட்டல். 'சந்தா' என்றாலே நம்மில் பலருக்குப் பணம்தானே நினைவுக்கு வருகிறது! வினையை முன்னால் இழுக்க வேண்டும், அல்லது வினையே இல்லாமல் சொல்ல வேண்டும். 'ஒரு சொடுக்கு பாக்கி' என்று தொடங்கி, பிறகு மடலின் பெயர்.

நீளச் சொல்லுக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. தலைப்புவரியில் தமிழ் நேரடியாகப் போவதில்லை. பெரும்பாலான மென்பொருள்கள் அதைக் குறிமுறைத் துண்டுகளாக மாற்றித்தான் அனுப்புகின்றன, ஒரு துண்டு 75 குறிகளுக்கு மேல் போகக்கூடாது என்பது நெறி. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் 3 பைட்டு ('று' என்பதில் 'ற' ஒரு புள்ளி, உகரக் குறி இன்னொரு புள்ளி). வழக்கமான பேஸ்64 முறையில் கணக்குப் போட்டால் ஒரு துண்டில் 45 பைட்டு, அதாவது 15 புள்ளி. 'உறுதிப்படுத்தவும்' என்ற ஒரே சொல்லில் 17 புள்ளிகள்! ஒரு துண்டுக்குள் அது அடங்கவே அடங்காது. நன்றாக எழுதிய மென்பொருள் எழுத்தின் எல்லை பார்த்து வெட்டும். மோசமானது நடு பைட்டில் வெட்டி, ஒரு கேள்விக்குறி வைரத்தைத் தலைப்பில் பதித்து அனுப்பும். தெரியாத இடத்திலிருந்து உடைந்த எழுத்தோடு வரும் மடலை நானே திறக்க மாட்டேன். தம்பி, மொழிபெயர்ப்பைத் தொடும் முன் உங்கள் மென்பொருளில் இதைச் சோதித்துவிடுங்கள்.

படிவத்தை நிரப்பியதும் வரும் பக்கம் இன்னும் மோசம். 'நன்றி! உங்கள் பதிவு ஏற்கப்பட்டது' என்று இருக்குமே, அது. தமிழில் நன்றி என்பது முடிவின் அடையாளம். கூட்டம் கலையும்போது சொல்வது, கடிதத்தின் அடியில் எழுதுவது. அதைக் கண்டதும் வாசகர் தாளை மடித்துவிடுகிறார். மடல் ஒன்று வருகிறது, திறக்க வேண்டும் என்பதெல்லாம் நன்றிக்குப் பிறகு எழுதிய சிறு எழுத்து, யார் படிக்கிறார்கள்? முதல் சொல்லே 'இன்னும் முடியவில்லை' என்று இருக்கட்டும். பிறகு எந்தப் பெயரில், எந்தத் தலைப்பில் மடல் வரும் என்று அப்படியே காட்டிவிடுங்கள். அவர் தட்டிய முகவரியையும் பெரிதாகக் காட்டுங்கள். 'ஜிமெயில்' என்பதில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அங்கேயே கண்ணில் படும். காணாவிட்டால் விளம்பரத் தத்தலிலும் ஸ்பேம் பெட்டியிலும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு முறை என் மடலில் இந்தப் பக்கத்தை மட்டும் மாற்றினேன், வேறெதையும் தொடவில்லை. வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது.

மற்றவை நீங்கள் அறிந்ததே. மடல் உடனே போக வேண்டும், அனுப்புநர் பெயர் படிவத்தில் கண்ட அதே பெயராக இருக்க வேண்டும், உள்ளே ஒரே இணைப்பு. மடல் நம்மிடமிருந்துதான் வருகிறது என்று பெறும் வழங்கிக்குக் காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் அமைப்புகள் மூன்றும் சரியாக இருக்கட்டும். 2024 பிப்ரவரி முதல் பேரளவில் அனுப்புகிறவர்களிடம் கூகுளும் யாகூவும் கறாராகக் கேட்கின்றன என்றாலும் சிறியவர்களுக்கும் அது நல்லதே. நினைவூட்டல் ஒன்று, ஒரு நாள் கழித்து. இரண்டாவது வேண்டாம். மடலுக்குள் விளம்பரத்தைச் செருகவே வேண்டாம். 2012இல் மியூனிக் மேல்நீதிமன்றம், உறுதி கேட்டு அனுப்பிய மடலையே விளம்பரம் என்று கருதித் தீர்ப்பளித்தது. பிற்பாடு வேறு நீதிமன்றங்கள் வேறு விதமாகச் சொன்னாலும், நெருப்போடு எதற்கு விளையாட்டு?

———

> இசைவு + உறுதி. கதவு + அடைப்பு கதவடைப்பு ஆவதுபோல.

அம்மா, ஈரிசைவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எண் தேவையில்லை என்பது விளங்கிவிட்டது. இருந்தாலும் 'உறுதி' என்றால் வலிமை, உறுதிமொழி என்றெல்லாம் மனம் போகிறதே. ஒருவர் ஆம் என்றதற்கு அடையாளமாகத் திரும்பி வருவதற்கு 'ஒப்புகை' என்ற சொல் நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ளது. பதிவஞ்சலின் ஒப்புகை அட்டை எல்லோருக்கும் தெரியும். 'ஒப்புகை மடல்' போதாதா? அல்லது 'சரிபார்ப்பு மடல்'? அதைத்தான் பல தளங்களில் பார்க்கிறேன்.

———

ஐயா, ஒப்புகை அட்டையில் கையெழுத்திடுகிறவர் என்ன சொல்கிறார்? 'வந்து சேர்ந்தது' என்கிறார். உள்ளே இருப்பதற்கு இசைந்ததாக அவர் சொல்லவில்லை. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்ற கேள்விக்கு அந்தச் சொல் அவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்திருக்கிறது. அதை எழுப்பி வேறு நாற்காலியில் உட்கார வைக்க எனக்கு மனமில்லை. அந்தப் பொருளுக்கும் மின்னஞ்சலில் நாளை சொல் தேவைப்படும்.

சரிபார்ப்பு வேறு வேலை. கணக்குத் திறக்கும்போது வருவது சரிபார்ப்பு மடல். இந்தப் பெட்டி உங்களுடையதா என்று மட்டும் கேட்கிறது. இசைவுறுதி மடல் அதையும் கேட்டு, வாராவாரம் அனுப்பட்டுமா என்றும் கேட்கிறது. முதலாவதற்கு ஆம் என்றவர் இரண்டாவதற்கும் ஆம் என்றதாக எடுத்துக்கொண்டு மடல் அனுப்பத் தொடங்கும் இடங்கள் ஏராளம். எனக்கே நடந்திருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றப் போன ஒரு தளத்திலிருந்து இன்றுவரை மடல் வந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் இந்தக் குளறுபடிக்கு நாமும் துணை போனதாகும்.

'உறுதி' பற்றி நீங்கள் சொல்வது நியாயம்தான். தனியாக நின்றால் திசை மாறும். 'இசைவு' முன்னால் நிற்பதால் தாங்கும் என்று நம்புகிறேன். எனக்கு உள்ள சிறு உறுத்தல் வேறு: வேகமாகப் படிப்பவர் 'இசைவுறு' என்று பிரித்துவிட்டு 'தி'யோடு திண்டாடலாம். ஆனால் இது நிர்வாகிப் பக்கத்துச் சொல். இரண்டு நாளில் பழகிவிடும்.

———

அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி. (முடிவின் அடையாளமாகச் சொல்லவில்லை, இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது.)

சரங்களைத் திறந்து பார்த்தேன். மென்பொருளில் பொத்தானுக்கும் நிர்வாகிப் பக்கத்துத் தலைப்புக்கும் கணக்குச் சரிபார்ப்புக்கும் ஒரே ஆங்கிலச் சரம். ஓரிடத்தில் மாற்றினால் மூன்றிலும் மாறுகிறது. அதனால்தான் வாசகருக்குப் போகும் மடலில் 'உறுதிப்படுத்து' என்று நின்றிருக்கிறது. முன்னவர் மேல் குற்றமில்லை. சரத்தைச் சூழல்வாரியாகப் பிரிக்கச் சொல்லி உருவாக்குநர்களுக்கு எழுதிவிட்டேன்.

தலைப்புவரியையும் சோதித்தேன். உடையவில்லை.

என் கேள்வி: இணைப்பைத் தொட்டதும் சேர்ந்துவிட வேண்டுமா, அல்லது திறக்கும் பக்கத்தில் இன்னொரு பொத்தான் இருக்க வேண்டுமா? இரண்டாவது என்றால் அதற்கும் சொல் வேண்டும்.

———

தம்பி, இன்னொரு பொத்தான் வையுங்கள். சில அலுவலக அஞ்சல் வழங்கிகளில் உள்ள பாதுகாப்பு நிரல், மடலில் உள்ள இணைப்புகளை வாசகருக்கு முன்பே தானாகத் திறந்து பார்க்கும். திறந்தவுடன் சேர்த்துவிட்டால் இசைந்தது அந்த நிரல்தான். மடலில் உள்ளது பக்கத்தைத் திறக்கட்டும், பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால் சேரட்டும். வாசகருக்கு ஒரு தொடுதல் கூடுகிறது என்பது உண்மை. அதனால் அந்தப் பக்கத்தில் வேறு எதுவுமே வேண்டாம். நுழைவுச்சொல் கேட்காதீர்கள், பெயர் கேட்காதீர்கள்.

இப்படி இரண்டு இடம் ஆனதால் சொற்களைப் பிரிக்கலாம். மடலில் 'ஆம், இது நான்தான்'. பக்கத்தில் 'ஆம், அனுப்புங்கள்'. முதலாவது பெட்டி யாருடையது என்பதற்கு, இரண்டாவது இசைவுக்கு. ஐயா கேட்ட சரிபார்ப்பும் நான் கேட்ட இசைவும் ஆளுக்கொரு பொத்தானில் உட்கார்ந்துவிட்டன.

———

நல்லது அம்மா. அப்படியானால் என் வாக்கு இசைவுறுதிக்கே. நேர்ச்சேர்ப்பும் நன்று. 'உறுதி நிலுவை'யில் ஒற்று மிகாது, அப்படியே விடுங்கள்.

———

கோப்பில் ஏற்றிவிட்டேன்: இசைவுறுதி, இசைவுறுதி மடல், நேர்ச்சேர்ப்பு, உறுதி நிலுவை. பொத்தான்கள் அக்கா சொன்னபடி. நன்றிப் பக்கம் 'இன்னும் முடியவில்லை' என்று தொடங்குகிறது. 'சந்தா'வுக்கு மட்டும் மாற்று கிடைக்கவில்லை. யூடியூபின் 'குழுசேர்' இங்கே ஒட்டாது, செய்திமடலில் குழு ஏது? அந்தச் சரத்தை மொழிபெயர்க்காமல் காலியாக விட்டிருக்கிறேன். தனி இழையாகத் தொடங்குகிறேன்.