நூறு கிராம் என்று பொறித்திருந்தால் போதுமா?

வெள்ளவத்தை, உயர்தர பௌதிகவியல் ஆசிரியை:

பாடசாலை ஆய்கூடத்துக்கு நிறுக்கும் படிகள் வாங்கிப் பட்டவர்கள் இருந்தால் உங்கள் கதையையும் போடுங்கள். முதலில் என்னுடையது.

போன வருடம் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கொஞ்சம் பணம் ஒதுக்கியது. மூன்று இடத்தில் விலை கேட்டோம். குறைந்த விலைக்குத்தான் போகவேண்டும், போனோம். வந்தவை கறுப்புப் பூச்சு அடித்த வார்ப்பிரும்பு வட்டப் படிகள், தொங்கவிடும் தாங்கியில் கோர்க்க நடுவரை வெட்டு விட்டவை. கடையில் 'ஸ்லொட்டட் வெயிட்' என்று கேட்டால்தான் விளங்கும்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் விசை இணைகரம் செய்தார்கள், கப்பிகளில் நூலால் படிகளைத் தொங்கவிட்டு இரண்டு விசைகள் சேர்ந்தால் என்ன வரும் என்று பார்ப்பது. ஒரு குழுவுக்கும் விடை சரிவரவில்லை. கப்பியில் உராய்வு, நூல் பலகையில் உரசுகிறது, கோணம் எடுத்தது பிழை என்று வழமையான சாட்டுகளை நானே எடுத்துக் கொடுத்தேன். ஒருத்தி மட்டும் இரண்டு கையிலும் ஒவ்வொரு படியை வைத்துக்கொண்டு, "மிஸ், இந்த ஐம்பதும் அந்த ஐம்பதும் ஒரே பாரமா?" என்று கேட்டாள். புதிதாக வாங்கிய இலத்திரனியல் தராசில் வைத்துப் பார்த்தோம். ஒன்று 48.7, மற்றது 51.4. ஐம்பது என்று பொறித்த தாங்கி 53.2. திருப்பிப் பார்த்தால் பூச்சு அடிப்பக்கத்தில் வடிந்து, மெழுகுவர்த்தி உருகினது போலத் துளி துளியாகக் காய்ந்திருக்கிறது.

கோபத்தில் அலுமாரியில் கிடந்த பழைய பித்தளைப் படிகளையும் எடுத்து வைத்தேன். 200 கிராம் படி 199.6 காட்டியது. 100 கிராம் 99.8. 50 கிராம் 49.9. சரி, இதுவும் போச்சு என்று மூடப் போன கை அப்படியே நின்றுவிட்டது. இரும்புப் படிகள் ஒன்று கூடியும் ஒன்று குறைந்தும் கண்டபடி பிழைத்தன. பித்தளை மூன்றும் ஒரே வீதத்தில், ஆயிரத்துக்கு இரண்டு குறைகின்றன. தேய்மானம் இவ்வளவு ஒழுங்காகவா வரும்? பிழை தராசில் இருந்தது.

தட்டுத் தராசு படியையும் பொருளையும் நேருக்கு நேர் ஒப்பிடுகிறது. புவியீர்ப்பு எவ்வளவாக இருந்தாலும் இரண்டு தட்டுக்கும் ஒன்றுதான். இலத்திரனியல் தராசு தட்டை அழுத்தும் விசையை அளந்து, அளவுதிருத்திய இடத்துக் கணக்கின்படி கிராமாக்கிச் சொல்லும். கொழும்பு பூமத்திய கோட்டுக்குப் பக்கம். புவியீர்ப்பு ஆர்முடுகல் இங்கே ஏறத்தாழ 9.78, இலண்டனில் 9.81. எங்கேயோ வடக்கே 9.80 உள்ள ஊரில் திருத்தி அனுப்பிய தராசை இங்கே கொண்டுவந்து வைத்தால் ஆயிரத்துக்கு இரண்டு குறைத்துத்தான் காட்டும். திருத்துவதற்கென்று தராசோடு தந்த 200 கிராம் படியை உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்தோம் என்பதுதான் வெட்கம். அதை வைத்துத் திருத்திய பிறகு பித்தளை மூன்றும் சரியாக வந்தன. இரும்பு 48.7 இலிருந்து 48.8க்கு வந்தது, அவ்வளவுதான்.

*

கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற ஆய்கூட உதவியாளர்:

ரீச்சர், உங்கள் பித்தளை தப்பியது அதிர்ஷ்டம். நான் வேலை செய்த இடத்தில் கடற்காற்றுக்குப் பித்தளை மூன்று மாதத்தில் கறுத்துவிடும். மேற்பார்வைக்கு ஆள் வருகிறார் என்றால் முதல் நாள் பெரிய சேர் கூப்பிட்டு, "எல்லாம் பளபளக்க வேணும்" என்பார். நானும் மினுக்கு மருந்து போட்டுத் துணியால் தேய்தேய் என்று தேய்ப்பேன். துணி கறுப்பாகும். அந்தக் கறுப்பு படியின் உடம்பிலிருந்து வந்தது என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. இருபது வருடம் தேய்த்திருக்கிறேன். பொறித்த எண்களே மழுங்கிவிட்டன என்றால் மிச்சத்தை யோசியுங்கள்.

இன்னொன்று. பெட்டியில் வரும் பித்தளைப் படியின் தலைக் குமிழ் பலதில் திருகிக் கழரும். உள்ளே சிறு குழி இருக்கும். நிறையைச் சரிக்கட்ட அதற்குள் ஈயக் குண்டு போட்டு மூடியிருப்பார்கள். பொடியன்கள் சும்மா இருப்பார்களா? ஒருநாள் கூட்டும்போது மேசைக்குக் கீழே கடுகு மாதிரி ஈயக் குண்டுகள் உருண்டன. எந்தப் படியிலிருந்து விழுந்தது என்று கண்டுபிடிக்க அன்று பின்னேரம் முழுக்கப் போனது. வாங்குவதென்றால் ஒரே துண்டாகக் கடைந்த கறைபடா உருக்குப் படி வாங்குங்கள். தலை கழராது, மினுக்கவும் தேவையில்லை.

*

பம்பலப்பிட்டி, பழைய மாணவி:

நாங்கள் தாங்கியின் திணிவைச் சேர்க்கவே மறந்துவிட்டோம். சுரமானியில், அதுதான் படிகளால் இழுத்துக் கட்டிய கம்பியை மீட்டும் பெட்டி, ஒரே இசைக்கவைக்கு ஒத்து ஒலிக்கும் கம்பி நீளத்தின் வர்க்கத்தைத் திணிவுக்கு எதிராக வரைந்தால் கோடு உற்பத்தியூடாக, அதாவது பூச்சியப் புள்ளியூடாகப் போகவில்லை. அழிப்பானை எடுத்துப் புள்ளிகளை மெல்ல நகர்த்தப் பார்த்தபோது சேர் பின்னால் நிற்கிறார். ஒன்றும் சொல்லாமல் கோட்டைப் பின்னுக்கு நீட்டச் சொன்னார். கிடை அச்சை மறை 50 கிட்ட வெட்டியது. "அதுதான் நீங்கள் எழுத மறந்த தாங்கி" என்றார்.

*

செட்டியார் தெரு, நகைக்கடை:

பாடசாலை ஆட்கள் எங்களிடம் படி கொண்டுவந்து நிறுத்துப் பார்ப்பது புதிதல்ல. போன மாதமும் ஒரு மாஸ்டர் வந்தார். பொறுமையான மனிதர், பன்னிரண்டு படியையும் நிறுத்து எழுதிக்கொண்டு போனார். பவுண் எட்டுக் கிராம். எங்களுக்கு அரைப் புள்ளி பிசகினாலும் காசு. அதனால் தராசுக்கும் படிக்கும் வருடா வருடம் அரசாங்க முத்திரை உண்டு. அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் வேலை அது, ஹோமாகமவில் பிட்டிபனையில் இருக்கிறது.

விலைமனுவில் 'எஃப் 1', 'எம் 1' என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. அது படி எவ்வளவு பிசகலாம் என்று சொல்லும் சர்வதேச வகுப்பு. நூறு கிராம் படிக்கு எஃப் 1 என்றால் அரை மில்லிகிராம்வரை பிசகலாம், எம் 1 என்றால் 5 மில்லிகிராம், கடைசி வகுப்பான எம் 3 என்றால் 50 மில்லிகிராம். அந்த எம் 3 படிகூட நூறு கிராமில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் பிசகும். விற்சுருளை இழுத்துப் பார்க்கும் பிள்ளைக்கு அதற்குமேல் எதற்கு? அந்த மாஸ்டருக்கும் இதைத்தான் சொன்னேன்: வகுப்புப் போட்ட பெட்டி ஒன்று வாங்கி அலுமாரியில் பூட்டிவையுங்கள், மற்றதை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வகுப்பே போடாமல் விற்பதைத்தான் யோசித்து வாங்கவேண்டும்.

*

தெஹிவளை, பௌதிகவியல் ஆசிரியர்:

கிராமைப் பற்றியே பேசுகிறோம், கிலோவை மறந்துவிட்டோம். கம்பியில் பாரம் ஏற்றி எவ்வளவு நீளுகிறது என்று பார்க்கும் யங்கின் மட்டுப் பரிசோதனைக்கு அரைக் கிலோப் படிகள் வேண்டும். இரண்டு மீற்றர் நீள, அரை மில்லிமீற்றர் விட்ட உருக்குக் கம்பி அரைக் கிலோவுக்கு கால் மில்லிமீற்றர்தான் நீளும். அதனால் பிள்ளைகள் அவசரப்பட்டு அடுக்கிக்கொண்டே போவார்கள். எங்களிடம் ஒருமுறை எட்டுக் கிலோவில் கம்பி அறுந்தது. கம்பியில் முன்பே ஒரு மடிப்பு இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. படிகள் சிமெந்துத் தரையில் விழுந்து ஒரு படி விளிம்பில் உடைந்தது, வார்ப்பிரும்புதானே. காலில் விழவில்லை, கடவுள் புண்ணியம். இப்போது கீழே மணல் நிரப்பிய மரப்பெட்டி வைக்காமல் ஒருவரையும் கிட்ட விடுவதில்லை.

அப்புறம், தாங்கியின் தண்டு நீளத்தைப் பார்த்து வாங்குங்கள். எங்களுக்கு வந்த தாங்கியில் ஒன்பது படி கோர்த்தால் பத்தாவதுக்கு இடமில்லை.

*

வெள்ளவத்தை ஆசிரியை, மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. கறுப்புப் படிகளைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அதனால் அவற்றை அப்படியே வைத்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, உண்மையான நிறையை ஒரு கொப்பியில் எழுதியாயிற்று. பிள்ளைகள் இனி 50 என்று போடாமல் கொப்பியைப் பார்த்து 48.8 என்று போடுகிறார்கள். விசை இணைகரம் சரிவந்துவிட்டது. மிச்சக் காசுக்கு எம் 1 உருக்குப் படிப் பெட்டி ஒன்று சொல்லியிருக்கிறேன், சாவி என்னிடம்தான் இருக்கும்.

இலக்கத்தை கியூடெக்ஸால், நகத்துக்குப் பூசும் பூச்சால் எழுதினோம். அந்த ஐம்பதைக் கேட்ட அதே பிள்ளை, "மிஸ், கியூடெக்ஸுக்கும் பாரம் இருக்குமே?" என்கிறாள். எங்கள் தராசு ஒரு மாற்றமும் காட்டவில்லை, அது 0.1 கிராமோடு நின்றுவிடும்.

*

செட்டியார் தெரு, நகைக்கடை:

காயவிட்டுக் கொண்டுவாருங்கள் ரீச்சர், அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. சனிக்கிழமை காலை கடையில் கூட்டம் இருக்காது.