முதல் பெண்மணியும் தலைவரம்மாவும்

குழு: பாலக்கோட்டுச் சொந்தங்கள்

ஓசூர் அண்ணி, காலை 8:12
மாமா, வணக்கம். பாப்பாவின் வினாடி வினாப் பயிற்சித் தாளில் ‘இந்தியாவின் முதல் பெண்மணி யார்?’ என்று கேட்டு, திரௌபதி முர்மு என்று விடையும் அச்சிட்டிருக்கிறார்கள். இது சரிதானா?

பெரியப்பா, காலை 8:31
தவறம்மா. ஆனால் பாதித் தவறு அந்தத் தொடரிலேயே இருக்கிறது. ‘ஃபர்ஸ்ட் லேடி’ என்பதைத் தமிழில் அப்படியே ‘முதல் பெண்மணி’ ஆக்கிவிட்டோம். முத்துலட்சுமி ரெட்டியை முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவர் என்று படித்து வளர்ந்த நமக்கு, ‘முதல்’ என்றாலே எதையோ முதலில் செய்தவர் என்றுதான் தோன்றும். இங்கே அது காலத்தைச் சொல்லவில்லை, வரிசையைச் சொல்கிறது. நாட்டுத் தலைவரின் மனைவி என்பதால் விருந்தினர் முன்னே முதலாவதாக நிற்பவர் என்பது பொருள். முர்மு அம்மையார் தாமே குடியரசுத் தலைவர் என்பதால், அவரை முதல் குடிமகள் என்று சொல்ல வேண்டும்.

சித்தி, காலை 8:40
அப்படியானால் பிரதிபா பாட்டீல் 2007 முதல் 2012 வரை பதவியில் இருந்தபோது, அவர் கணவரை என்னவென்று சொல்லியிருக்க வேண்டும், மாமா? ‘முதல் கணவர்’ என்றால் இரண்டாமவர் யார் என்று கேட்பார்களே.

பெரியப்பா, காலை 8:44
அதனால்தான் தமிழில் அதற்கு ஒரு சொல்லும் நிலைக்கவில்லை போலும்.

ஓசூர் அண்ணன், காலை 9:05
அப்பா, இது சட்டப்படியான பதவியா, வெறும் மரியாதைப் பெயரா?

பெரியப்பா, காலை 9:27
மரியாதைப் பெயர்தான். நம் அரசியலமைப்பிலும் அது இல்லை, அமெரிக்காவின் அரசியலமைப்பிலும் இல்லை. அங்கே அதற்குச் சம்பளமும் கிடையாது. ஜார்ஜ் வாஷிங்டனின் மனைவி மார்த்தாவை அந்தக் காலத்தில் ‘லேடி வாஷிங்டன்’ என்றுதான் அழைத்தார்கள். 1857 முதல் 1861 வரை அதிபராக இருந்த புக்கானன் திருமணமே செய்துகொள்ளாதவர். ஆகவே அவருடைய உறவுமுறை மகளான ஹாரியட் லேன் என்ற இளம்பெண் வெள்ளை மாளிகையின் விருந்துகளை நடத்தினார், அக்காலப் பத்திரிகைகளில் ‘ஃபர்ஸ்ட் லேடி’ என்ற பட்டம் அவருக்கும் கிடைத்தது. மனைவியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட அப்போது இல்லை என்பதைக் கவனி. பிரான்சில் 2017-இல் அதிபர் மக்ரோனின் மனைவிக்கு அதிகாரபூர்வமான தகுதி கொடுக்கும் பேச்சு எழுந்தபோது, இலட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள்.

காவேரிப்பட்டணம் அத்தை, காலை 9:41
அண்ணா, அவ்வளவு தூரம் போவானேன்? நம் தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி 1948-இல் கவர்னர் ஜெனரலாகப் போனபோது, அவர் மனைவி காலமாகி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மகள் நாமகிரி அம்மாள்தான் உடன் இருந்தார். கலாம் ஐயா காலத்தில் அந்த இடத்தில் யாருமே இல்லை, அதனால் ஒரு குறையும் வரவில்லை.

பெரியப்பா, காலை 9:58
நன்றாகச் சொன்னாய். பழந்தமிழில் இதற்கு மிடுக்கான சொற்கள் உண்டு. சிலப்பதிகாரத்தில் பாண்டியனின் மனைவி கோப்பெருந்தேவி. புறநானூற்று 246-ஆம் பாட்டைப் பாடியவர் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு. இரண்டுமே பட்டங்கள், பெற்றோர் வைத்த பெயர்கள் அல்ல. கணவனை இழந்த துயரத்தில் அவ்வளவு உரமாகப் பாடிய ஒரு புலவரின் சொந்தப் பெயரைப் பட்டம் விழுங்கிவிட்டதே என்று வகுப்பில் அந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் எனக்கு மனம் சுருங்கும்.

காவேரிப்பட்டணம் அத்தை, காலை 10:20
எங்கள் ஊரில் இன்றும் அதே கதைதான். முன்பு ஊராட்சித் தலைவரின் மனைவியைத் ‘தலைவரம்மா’ என்போம். டாக்டரின் மனைவி டாக்டரம்மா, வாத்தியாரின் மனைவி வாத்தியாரம்மா என்பது போலத்தான். 2016-இல் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தது. பிறகு நடந்த தேர்தலில் அந்த அம்மாளே நின்று வென்று, காசோலையில் கையெழுத்திடும் தலைவரானார். ஆனாலும் ஊர் அவரைத் தலைவரம்மா என்றே அழைக்கிறது, அவர் வீட்டுக்காரரைத் ‘தலைவர்’ என்றே அழைக்கிறது. பதவி கை மாறியது, பேர் மாறவில்லை.

சித்தி, காலை 10:26
அண்ணி, அந்தச் சொல்லைக் கேட்பவருக்கு அவர் தலைவரா, தலைவரின் மனைவியா என்று எப்படித் தெரியும்?

காவேரிப்பட்டணம் அத்தை, காலை 10:29
தெரியாது. கிராம சபைக் கூட்டத்துக்கு வந்த வெளியூர் அதிகாரி ஒருவர், நேராகப் போய் அவர் வீட்டுக்காரருக்குத்தான் சால்வை போர்த்தினார்.

ஓசூர் அண்ணி, காலை 10:41
பாப்பாவின் தாளில் ‘முதல் குடிமகள்’ என்று திருத்தி, கேள்வியையும் மாற்ற வேண்டும் என்று ஆசிரியைக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்பிவிடுகிறேன், மாமா.

பெரியப்பா, காலை 10:45
அப்படியே செய். தங்கச்சி, நீயும் நாளை முதல் அந்த அம்மாளைத் ‘தலைவர்’ என்றே கூப்பிடு. அவருடைய கணவரைப் பெயர் சொல்லி அழை.

காவேரிப்பட்டணம் அத்தை, காலை 10:52
அவர் என்னைவிட மூத்தவர் அண்ணா, பெயர் சொல்ல வாய் வராது. ‘தலைவர் வீட்டுக்காரர்’ என்று சொல்லிக்கொள்கிறேன்.