வாலிபால் களத்தில் மழைத்தண்ணி தேங்காமல் இருக்க என்ன வழி?

விளைக்காடு:
திருவட்டார் பக்கம் ஊர்ப்பொது இடம், 26 மீட்டருக்கு 17 மீட்டர். செம்மண் தரை. ஆனி மழைக்கும் சகதி, ஐப்பசி மழைக்கும் சகதி. ஆட்டம் நின்னா பிள்ளைங்க போக வேற இடமும் இல்ல. பொம்பளப் பிள்ளைங்களும் ஆடுற மாதிரி வாலிபால் களம் வேணும். சிமெண்ட் போட்டுடலாமா?

சரல்மேடு:
சிமெண்ட் வேண்டாம் அண்ணே. குதிச்சு இறங்குற ஆட்டம், கால்முட்டு தாங்காது. சலிச்ச சரல் (சரளைமண்) போதும்.

களம் 18 × 9 மீட்டர். சுத்தி 3 மீட்டர் விட்டா 24 × 15. உங்க இடத்துல அடங்கும். நீளம் வடக்கு தெற்கா இருக்கட்டும், இல்லன்னா சாயங்கால வெயில் ஒரு பக்கத்தார் கண்ணுல அடிக்கும். மட்டம் பாத்து சமமா போடுறதுதான் எல்லாரும் செய்யுற தப்பு. திறந்தவெளிக் களத்துக்கு மீட்டருக்கு 5 மி.மீ. சரிவுக்கு விதியிலயே அனுமதி உண்டு. நீளவாக்குல நடுவை உயர்த்தி ரெண்டு பக்கமும் சரிச்சா, ஓரம் நடுவை விட சுமார் 4 செ.மீ. தாழ்வா வரும். ஓரத்துல ஓடை வெட்டாம விட்டா அந்தத் தண்ணி அங்கேயே நிக்கும்.

இறுகின பிறகு 10 செ.மீ. கனம் நிக்க உதிரியா 16 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) சரல் ஆகும். ரெண்டு அடுக்கா, ஒவ்வொண்ணையும் நனைச்சு உருட்டணும். சொதசொதன்னு இருந்தா ரோலர்ல ஒட்டிப் பேந்து வரும். தை, மாசியில செய்யுங்க. மூலைமட்டம் பாக்க: 9 × 9 பாதிக்களத்தின் மூலைவிட்டம் 12.73 மீட்டர். கோட்டுக்கு நீத்துச் சுண்ணாம்பு தூவாதீங்க, கண்ணுல பட்டா ஆபத்து. 5 செ.மீ. நைலான் பட்டையை ஆணியடிச்சு விடுங்க, ஆணித்தலை மேல தெரியக் கூடாது.

நெட்டுக்காரி:
கம்பம் பக்கக்கோட்டுக்கு வெளியே அரை மீட்டர் முதல் ஒரு மீட்டருக்குள். ஆண்களுக்கு நெட் உயரம் 2.43, பெண்களுக்கு 2.24. சின்னப் பிள்ளைங்களுக்கு 2 மீட்டர் போதும். மூணு உயரத்துக்கும் கம்பத்துலேயே கொக்கி வச்சிருங்க. உயரத்தை நடுவுல அளக்கணும். பிளாஸ்டிக் கயிறு வெயில்ல தொய்யும்; உறை போட்ட கம்பிவடமும், அதை முறுக்கி இறுக்குற டர்ன்பக்கிளும் வாங்குங்க.

ஆத்தங்கரை:
முதல்ல வி.ஏ.ஓ. கிட்ட அடங்கல் (நிலக் கணக்குப் பதிவேடு) பாருங்க. குளத்துப் புறம்போக்குன்னா தொடாதீங்க, எப்ப வேணாலும் எடுக்கச் சொல்வாங்க. சரியான இடம்னா ஜனவரி 26 கிராம சபையிலேயே தீர்மானம் போட்டு, பெண்களுக்கான நேரத்தையும் அதுல எழுதிருங்க. வாய்ப்பேச்சா விட்டா ரெண்டே மாசத்துல 2.43-லயே நெட் நிக்கும்.



விளைக்காடு:
அடங்கல் நாளைக்கே பாக்குறேன். சரல் ஜனவரி முடிஞ்சு இறக்குறோம்.