பத்தரை மணிக்கு மேல் சொந்தக் கொல்லையில் பீர் குடித்தால் குற்றமா?

கோவன் அக்கா:
என் வீட்டுக்காரரின் ஐம்பதாவது பிறந்தநாளை, அவருக்குத் தெரியாமல், என் அண்ணன் வீட்டுக் கொல்லையில் கொண்டாடப் போகிறேன். அவருக்குப் பீர் பிடிக்கும் என்பதால் அலங்காரம், கேக், சாப்பாடு எல்லாமே பீரைச் சுற்றித்தான். இந்த இணைய மன்றத்தில் இன்னொரு இழையில் யோசனை கேட்டிருந்தேன். அதற்கு ஈசூன் நேர்மை எழுதியது இது: "சிங்கப்பூரில் இரவு பத்தரைக்கு மேல் திறந்தவெளியில் மது அருந்துவது குற்றம். கொல்லையும் திறந்தவெளிதான். குடும்பப் பெண்ணுக்கு இது தேவையா?"

கடைசி வரிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் சட்டம். 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம், இரவு 10.30 முதல் காலை 7 வரை *பொது இடத்தில்* குடிப்பதைத்தான் தடுக்கிறது. அண்ணன் வீடு சிராங்கூன் கார்டன்ஸில் இருக்கும் தரைவீடு. நாலு பக்கமும் சுவர், முன்னால் பூட்டிய கேட். அழைக்காமல் ஒருவரும் உள்ளே வர முடியாது. அது எப்படிப் பொது இடமாகும்?

ஈசூன் நேர்மை:
பத்தரை என்றால் பத்தரை. சட்டத்தில் நேரம் தெளிவாக இருக்கிறது. முதல் தடவை பிடிபட்டால் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். மறுபடியும் செய்தால் 2,000 வெள்ளி வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு நம் சமூகத்தின் பெயர் எப்படி அடிபட்டது என்பதை மறந்துவிட்டீர்களா? நாம்தான் மற்றவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும்.

கோவன் அக்கா:
ஐயா, கலவரத்தை ஏன் என் வீட்டுக்காரரின் கேக்குக்குள் இழுக்கிறீர்கள்? லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். அங்கே வார இறுதியிலும் விடுமுறை நாள்களிலும் கூடுதல் கட்டுப்பாடு உண்டு. சிராங்கூன் கார்டன்ஸ் அந்த வட்டாரத்தில் இல்லை. அபராதத் தொகை எனக்கும் தெரியும். யாருக்கு அபராதம் என்பதுதான் கேள்வி. பொது இடத்தில் குடிப்பவருக்கு.

தெம்பனிஸ் அம்மா:
எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில்கூட 10.30க்கு மேல் சத்தம் போடக்கூடாது. ஈசூன் ஐயா சொல்வது சரிதான் போலிருக்கிறது.

கோவன் அக்கா:
தெம்பனிஸ் அம்மா, அது வேறு பத்தரை. வீவக சொல்வது அண்டை வீட்டாருக்கான அமைதி நேரம். அது பீருக்கும் பொருந்தும், பஜனைக்கும் பொருந்தும். நாங்கள் பத்து மணிக்கே பாட்டை நிறுத்திவிடுவோம். தயவுசெய்து இரண்டையும் குழப்ப வேண்டாம். ஏற்கெனவே ஒருவர் குழப்பிக்கொண்டிருக்கிறார்.

ஈசூன் நேர்மை:
யாரும் குழம்பவில்லை. தரைவீட்டுக்குப் பின்னால் சந்து இருக்கும். சந்தில் போகிறவர் பார்ப்பார். பார்த்தால் அது பொதுதான்.

கோவன் அக்கா:
பார்த்தால் பொதுவா? அப்படியென்றால் ஜன்னல் திரை போடாத அத்தனை வீடும் பொது இடம்தான்! சந்து பொது இடம். கையில் குவளையோடு பின்கதவைத் திறந்து யாராவது சந்தில் போய் நின்றால் நீங்கள் சொல்வது பொருந்தும். அதனால்தான் பின்கதவைப் பூட்டிவிடச் சொல்லியிருக்கிறேன். கொல்லை அண்ணனுடையது.

ஜூரோங் தம்பி:
சட்டச் சண்டையை விடுங்கள். பத்தரைக்கு மேல் கடையில் வாங்கிக்கொண்டு போக முடியாது என்பதுதான் உண்மையான பிரச்சினை. முன்கூட்டியே வாங்கி வையுங்கள் அக்கா. ஜோகூரில் வாங்கினால் இன்னும் மலிவு.

ஈசூன் நேர்மை:
பாருங்கள், தம்பியே ஒப்புக்கொள்கிறார். பத்தரைக்கு மேல் கூடாது.

கோவன் அக்கா:
தம்பி விற்பனையைச் சொன்னார், ஐயா. குடிப்பதை அல்ல.

தம்பி, ஜோகூர் வேண்டாம். மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மதுவில் வரிச்சலுகையே கிடையாது. ஒரு டின் கொண்டுவந்தாலும் சோதனைச்சாவடியில் சொல்லி வரி கட்ட வேண்டும். கலால் வரி, சுத்தமான ஆல்கஹால் லிட்டருக்கு 60 வெள்ளி. 330 மில்லி டின்னில் 5 விழுக்காடு என்றால் 99 காசு வரியாகவே போய்விடும். சுங்க வரி தனி, ஜிஎஸ்டி தனி. இங்கேயே சலுகை விலை போடும்போது வாங்கிக்கொள்கிறேன்.

ஆங்கர் ரசிகன்:
எந்தப் பீர் என்று இன்னும் சொல்லவே இல்லையே? டைகர் என்றால் நான் வரமாட்டேன். உழைத்த மனிதன் காப்பிக் கடையில் குடித்தது ஆங்கர்.

ஜூரோங் தம்பி:
உங்களை யார் அழைத்தது? டைகர் 1932லிருந்து இந்த ஊரில் வடிக்கப்படுகிறது. ஊருக்கே அடையாளம் அது.

ஆங்கர் ரசிகன்:
ஆங்கரும் அந்தக் காலத்துச் சரக்குதான். ஆர்க்கிபெலாகோ ஆலையில் ஜெர்மானியர் வடித்தது. 1941இல் அந்த ஆலையை டைகர்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். போட்டியில் ஜெயிக்கவில்லை, போர் வந்ததால் கைக்கு வந்தது. வரலாறு படித்துவிட்டுப் பேசவும்.

ஜூரோங் தம்பி:
அப்படியென்றால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். எதற்கு இந்தப் பிடிவாதம்?

ஆங்கர் ரசிகன்:
சுவை ஒன்றல்ல.

கோவன் அக்கா:
இரண்டும் இருக்கும், கூடவே கறுப்புப் பீரான ஸ்டவுட்டும் இருக்கும். இழையைத் திருடாதீர்கள்.

எல்லோரும் ஏதோ குடிகாரர் கூட்டம் என்று நினைப்பதால் திட்டத்தை முழுதாகவே எழுதுகிறேன். ஏணி இறக்க உதவி வேண்டும் என்று அண்ணன் கூப்பிடுவார். என் வீட்டுக்காரர் வருவார். விருந்தினர் கார்கள் வாசலில் நின்றால் அவருக்குப் புரிந்துவிடும். அதனால் யாரும் கார் கொண்டுவரக் கூடாது. பஸ்ஸில் வரட்டும், டாக்சியில் போகட்டும். 100 மில்லி மூச்சுக்காற்றில் 35 மைக்ரோகிராமைத் தாண்டினால் போதையில் ஓட்டிய குற்றம். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். பீர் போத்தலில் ஒட்டும் சீட்டு மாதிரி வரைந்து, நடுவில் அவர் படமும் "1975 முதல்" என்ற வரியும் அச்சடித்து, ஒவ்வொரு டின்னிலும் ஒட்டப் போகிறோம். டின்களை மூன்று அடுக்காக அடுக்கி நாடா கட்டினால் அதுவே கோபுரக் கேக். வெட்டுவதற்கு, நுரை வழியும் குவளை வடிவில் நிஜக் கேக் ஒன்று. பெரிய அலுமினியத் தொட்டியில் பனிக்கட்டி, தண்ணீர், ஒரு பிடி உப்பு. வெறும் பனிக்கட்டியைவிட இதில் டின் சீக்கிரம் குளிரும். இரவே தொட்டியைக் கவிழ்த்துவிட வேண்டும். டெங்கி வரும் ஊரில் தேங்கிய தண்ணீரை யாராவது விட்டுவைப்பார்களா?

சாப்பாட்டுக்கு வாழையிலையில் சம்பல் தடவிச் சுட்ட திருக்கை, கோழி இறக்கை, மட்டன் சுக்கா. காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே, அதாவது வறுத்த கடலை வகைகள். நம் ஆட்கள் திரையரங்கு வாசலில் விற்றது, பீருக்கு அதைவிடப் பொருத்தம் வேறு இல்லை. பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்துக்கு முன்பே விஷயத்தைச் சொல்லி, அவர்கள் வர விரும்பினால் ஹலால் கடையிலிருந்து தனிச் சாப்பாடு, தனி மேசை. பிள்ளைகளுக்குப் போதையில்லாத குளிர்பானங்களான ரூட் பீரும் இஞ்சி பீரும். பதினெட்டு ஆகாத யாரும் தொட்டிப் பக்கம் வரக் கூடாது என்று என் அண்ணியே காவல் நிற்பார்.

இதில் எந்த வரி உங்களை உறுத்துகிறது ஐயா?

ஈசூன் நேர்மை:
விருந்து எத்தனை மணிக்கு முடியும் என்று மட்டும் எழுதவில்லை.

தெம்பனிஸ் அம்மா:
பிள்ளைகள் குவளைக் கேக்கைப் பார்த்துக் கைதட்டுவதுதான் எனக்கு உறுத்துகிறது. ரூட் பீர் என்று கொடுத்தாலும் பெயர் பீர்தானே? ஐம்பதாவது பிறந்தநாளுக்குக் கோவிலில் ஓர் அர்ச்சனை செய்தால் போதாதா?

கோவன் அக்கா:
காலையில் அர்ச்சனை, இரவில் விருந்து. இரண்டும் ஒரே நாளில் நடக்கும் அம்மா. அப்பா பெரியவர்கள் நடுவில் அளவோடு குடித்து, கார் ஓட்டாமல் வீடு திரும்புவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்றுதான் சொல்வேன். எங்கள் தாத்தா காலத்தில் ஆண்கள் மறைவாகப் போய்க் குடித்துவிட்டு வருவார்கள். வீட்டுப் பெண்களுக்கு மிஞ்சியது அடியும் கடனும். என் வீட்டுக்காரர் என் கண்முன்னே இரண்டு குவளை குடிக்கிறார், எழுந்து பாத்திரம் கழுவுகிறார். அவருக்கு நான் விருந்து வைப்பதில் குடும்பப் பெண்ணுக்கு என்ன குறை? அந்த வரிக்கு இன்னும் பதில் வரவில்லை ஐயா.

ஈசூன் நேர்மை:
நான் பொதுவாகச் சொன்னேன். நீங்கள் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல. போன பொங்கலுக்கும் இப்படித்தான். வெற்றுத்தளத்தில் அடுப்பு மூட்ட நகர மன்ற அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கோவன் அக்கா:
அனுமதிக் கடிதத்தை அன்றே காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தது யார்? அதைப் படித்த பிறகும் அடுப்பு மூட்டும் நேரம் தவறு என்று எல்லோர் முன்னாலும் சொன்னது யார்?

ஆங்கர் ரசிகன்:
அந்தப் பொங்கலில் சர்க்கரை குறைவு.

கோவன் அக்கா:
அது வேறு கதை. இங்கே எழுதாதீர்கள்.

ஜூரோங் தம்பி:
அக்கா, ஏணி யோசனை எடுபடுமா? மாமா இந்த இழையைப் படித்துவிட்டால்?

கோவன் அக்கா:
அவர் இங்கே வருவதில்லை தம்பி. ஈசூன் ஐயா போய்ச் சொல்லாமல் இருந்தால் போதும்.

ஈசூன் நேர்மை:
நான் ஏன் சொல்லப் போகிறேன்? ஆனால் அழைத்தாலும் வரமாட்டேன். வந்தாலும் பத்தரைக்குக் கிளம்பிவிடுவேன்.

கோவன் அக்கா:
தாராளமாகக் கிளம்புங்கள் ஐயா. ஆனால் குவளையை உள்ளேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். கேட்டுக்கு வெளியே இருப்பதுதான் பொது இடம்.

ஈசூன் நேர்மை:
கொல்லையும்தான்.