குவாந்தான் கடலில் மூழ்கியவை இரண்டு கப்பல்களா, ஒரு கப்பல் இனமேயா?

நெடுங்கடல்:

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழில் போர்க்கப்பல் என்றால் ரோந்துக் கப்பல் தொடங்கி விமானந்தாங்கி வரை அத்தனையும் அதில் அடங்கிவிடும். இங்கே நான் பேசுவது, கனத்த கவசமும் பெரும் பீரங்கிகளும் பூட்டி, எதிரியின் அதே வகைக் கப்பலோடு மோதுவதற்கென்றே கட்டப்பட்ட பெரும்போர்க்கப்பலைப் பற்றி மட்டும்.

1906இல் பிரிட்டன் 'டிரெட்நாட்' கப்பலைக் கடலில் இறக்கியது. அதற்கு முந்தைய கப்பல்கள் பெரும்பாலும் நான்கு 12 அங்குலப் பீரங்கிகளைச் சுமந்திருக்க, இதில் பத்து இருந்தன; நீராவிச் சுழலியால் 21 நாட் (மணிக்குச் சுமார் 39 கிலோமீட்டர்) வேகத்தில் ஓடியது. அன்று தொடங்கி வல்லரசுகள் கருவூலத்தைக் கரைத்து இவ்வகைக் கப்பல்களைக் கட்டின. அந்தச் செலவுக்கு ஈடான வேலையை அவை என்றுமே செய்யவில்லை என்பதே என் வாதம். 1941 டிசம்பர் 10 அன்று மலாயாவின் குவாந்தானுக்கு அப்பால் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' ஆகிய இரண்டு பிரிட்டிஷ் கப்பல்களையும், சைகோன் பக்கத்துத் தளங்களிலிருந்து பறந்து வந்த ஜப்பானியக் கடற்படை விமானங்கள் நண்பகலை ஒட்டிய சுமார் இரண்டு மணி நேரத்தில் மூழ்கடித்தன. இறந்தவர்கள் சுமார் 840 பேர். ஜப்பானியர் இழந்த விமானங்களை ஒரு கைவிரல்களால் எண்ணிவிடலாம். துறைமுகத்தில் உறங்கிய கப்பல்கள் அல்ல இவை. விழித்திருந்து, ஓடிக்கொண்டு, சுட்டுக்கொண்டிருந்த கப்பல்கள். இதற்கு மேலும் சான்று வேண்டுமா?

கலங்கரை:

வேண்டும், நண்பரே. குடையில்லாமல் மழையில் நனைந்தவரைக் காட்டி, மனிதன் மழைக்குத் தாங்கமாட்டான் என்று முடிவு கட்டுகிறீர்கள். அந்தக் கப்பல்களை வழிநடத்திய அட்மிரல் டாம் பிலிப்ஸ் வானொலி மௌனம் காத்தார். தாக்குதல் தொடங்கிய பிறகும் பாதுகாப்பு விமானங்களைக் கேட்டு அவர் செய்தி அனுப்பவில்லை. 'ரிபல்ஸின்' தலைவர் டென்னன்ட் தாமே முன்வந்து 11.58க்குச் செய்தி அனுப்பியதால்தான் சிங்கப்பூரிலிருந்து பஃபலோ போர் விமானங்கள் கிளம்பின. அவை வந்து சேர்ந்தபோது 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' மூழ்கிக்கொண்டிருந்தது. இது கப்பலின் தோல்வியா, அதை அனுப்பிய விதத்தின் தோல்வியா?

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 1940 ஜூன் 8 அன்று நார்வேக்கு அப்பால் 'குளோரியஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கியை 'ஷார்ன்ஹார்ஸ்ட்', 'நைசனாவ்' என்னும் இரு ஜெர்மன் கப்பல்கள் பீரங்கியாலேயே மூழ்கடித்தன. அந்நேரம் அதன் விமானம் ஒன்றுகூட வானில் இல்லை. இதை வைத்து விமானந்தாங்கியே வீண் என்று நான் வாதிட்டால் ஏற்பீர்களா? அதே 'ஷார்ன்ஹார்ஸ்ட்' 1943 டிசம்பர் 26 அன்று நார்வேயின் வடகோடியான நார்த் கேப் முனைக்கு அப்பால், பகலிலும் விடியாத துருவ இருளில், புயலுக்கு நடுவே 'டியூக் ஆஃப் யார்க்' என்ற பிரிட்டிஷ் பெரும்போர்க்கப்பலின் ரேடார் வழி சுட்ட பீரங்கிகளுக்கு இலக்காகி, இறுதியில் டார்பிடோக்களும் பாய்ந்து மூழ்கியது. அதிலிருந்த 1,968 பேரில் மீட்கப்பட்டவர்கள் 36 பேர். அன்றைய வானிலையில் எந்த விமானம் அந்த வேலையைச் செய்திருக்கும்?

சுக்கான்:

இருவருமே 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' எப்படி வீழ்ந்தது என்பதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். பொறியியல் படித்தவன் என்பதால் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

கப்பலின் இடப்பக்க வெளித்தண்டு, அதாவது இயந்திரத்திலிருந்து பின்புற விசிறிவரை நீளும் அந்த உருக்குத் தண்டு, டார்பிடோ வெடித்த இடத்தில் வளைந்துபோனது. வளைந்த தண்டு சுழன்றபோது, அது ஊடுருவிச் செல்லும் தடுப்புச்சுவர்களின் அடைப்புகளையெல்லாம் கிழித்து, கடல்நீர் அறை அறையாக உள்ளே நுழைய வழி திறந்துவிட்டது. சிறிது நேரத்திலேயே கப்பல் 11.5 பாகை இடப்பக்கம் சாய்ந்தது. மின்னாக்கிகள் வெள்ளத்தில் மூழ்க, பின்பகுதியின் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கும் நீரை இறைக்கும் பம்புகளுக்கும் மின்சாரம் நின்றது. பிற்காலத்தில் முக்குளிப்போர் கடலடியில் கிடக்கும் உடலை ஆய்ந்தபோது இந்தச் சேதத்தை நேரிலேயே பார்த்தார்கள். எனவே கவசம் தோற்றது என்று சொல்வது சரியன்று. கவசம் மூடியிராத இடத்தில், கப்பலே தன் இயந்திர வலிமையால் தன்னைக் கிழித்துக்கொண்டது. 1916இல் கடலில் இறங்கிய கிழட்டு 'ரிபல்ஸோ' டென்னன்டின் திறமையால் சுமார் 19 டார்பிடோக்களுக்குத் தப்பி, இருபுறமும் ஒரே நேரத்தில் தாக்கியபோதுதான் அடிபட்டது.

நெடுங்கடல்:

சுக்கான் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் அது எனக்கே சாதகமாக இருக்கிறது. ஆண்டின் தொடக்கத்தில்தான் பணியில் சேர்ந்த புத்தம்புதுக் கப்பலை முடமாக்க, விலை மலிந்த ஒரு விமானமும் அதன் வயிற்றிலிருந்த ஒரு டார்பிடோவும் போதுமானவையாக இருந்தன என்பதைத்தானே அது காட்டுகிறது?

பாதுகாப்பு விமானங்கள் இருந்திருந்தால் என்ற வாதத்துக்கு வருகிறேன். 1942 ஏப்ரலில் இலங்கையைத் தாக்க ஜப்பானிய அட்மிரல் நகுமோ ஐந்து விமானந்தாங்கிகளுடன் வந்தபோது, எதிரே நின்ற பிரிட்டிஷ் அட்மிரல் சோமர்வில்லிடம் ஐந்து பெரும்போர்க்கப்பல்கள் இருந்தன. 'வார்ஸ்பைட்' தவிர்த்த நான்கும் முதல் உலகப்போர்க் காலத்து மெதுநடைக் கப்பல்கள். ஏப்ரல் 5 அன்று கொழும்பு குண்டுவீச்சுக்கு ஆளானது. 9 அன்று திருகோணமலை. அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கி மூழ்கியது. இத்தனைக்கும் அந்த ஐந்து கப்பல்களில் ஒன்றாவது ஒரு குண்டையாவது சுட்டதா? பகலில் விலகி நின்று, இரவில் ரேடார் பொருத்திய ஆல்பகோர் டார்பிடோ விமானங்களை அனுப்பித் தாக்கலாம் என்பதே சோமர்வில்லின் திட்டம். கலங்கரை அவர்கள் இரவைப் பீரங்கியின் சொத்தாகக் காட்டினார். சோமர்வில்லோ இரவுக்கும் விமானத்தைத்தான் நம்பினார். பிறகு அந்த நான்கு கிழட்டுக் கப்பல்களும் ஆப்பிரிக்கக் கரையின் கிலிண்டினிக்கு அனுப்பப்பட்டன.

கலங்கரை:

இலங்கை எடுத்துக்காட்டு வலுவானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் தொடக்கத்தில் வைத்தது 1941க்கான வாதம் மட்டுமன்று. 1906இலிருந்தே அவை வீண் என்றீர்கள். அதை ஏற்க இயலாது.

1916 மே 31 மாலை வடகடலில், டென்மார்க்கின் ஜட்லண்டுக்கு அப்பால், இருதரப்பிலுமாக 250 கப்பல்கள் மோதின. எண்ணிக்கையைப் பார்த்தால் ஜெர்மனிக்கே வெற்றி: பிரிட்டன் 14 கப்பல்களையும் 6,000க்கு மேற்பட்டவர்களையும் இழக்க, ஜெர்மனி 11 கப்பல்களையும் சுமார் 2,500 பேரையும் இழந்தது. பெர்லின் கொடியேற்றிக் கொண்டாடியது. ஆனால் மறுநாள் காலையில் வடகடல் யார் கையில் இருந்தது? முந்தைய நாள் யார் கையில் இருந்ததோ அவர்கள் கையில்தான். ஜெர்மனியை முற்றுகையிட்ட பிரிட்டனின் சிறு கப்பல்கள் தங்கள் வேலையைத் தொடர்ந்தன. ஜெர்மனிக்குத் தானியமும் நைட்ரேட்டும் கடல்வழி வருவது நின்றபடியே இருந்தது. முற்றுகையை நடத்தியவை பெரும்போர்க்கப்பல்கள் அல்ல. ஆனால் பிரிட்டிஷ் கடற்படைத் தளமான ஸ்காப்பா ஃப்ளோவில் அவை நங்கூரமிட்டிருந்ததால்தான் அச்சிறு கப்பல்களைத் தொட எவரும் துணியவில்லை. ஜட்லண்டை நடத்திய ஜெர்மன் அட்மிரல் ஷேரே அதே ஆண்டு ஜூலையில் ஜெர்மன் பேரரசர் கைசருக்கு எழுதிய அறிக்கையில், பிரிட்டனைப் பணியவைக்க நீர்மூழ்கிகளே வழி என்றார். அந்த வழியில் 1917 பிப்ரவரியில் கட்டற்ற தாக்குதல் தொடங்கியது. ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. சுடாமல் கிடந்த கப்பல்கள் எதிரியை எந்தப் பாதைக்குத் தள்ளின என்பதைப் பாருங்கள்.

'டிர்பிட்ஸ்' என்ற ஜெர்மன் பெரும்போர்க்கப்பலின் கதையும் அதே. 1942 ஜூலையில் அது நார்வே வளைகுடாவில் இடம் மாறியதால் எழுந்த அச்சத்திலேயே, பிகியூ 17 வணிகக் கப்பல் தொடரைக் கலைந்து போகும்படி லண்டன் ஆணையிட்டது. அத்தொடரின் 24 கப்பல்களை, பெரும்பாலும் தனித்தனியாகச் சிதறிய பிறகு, நீர்மூழ்கிகளும் விமானங்களும் வேட்டையாடின. 'டிர்பிட்ஸ்' அவற்றில் ஒன்றையும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. புலி புதரை விட்டு நகர்ந்தது என்ற பேச்சுக்கே ஊர் ஓடிவிட்டது.

நெடுங்கடல்:

ஜட்லண்டைப் பொறுத்தவரை 'வீண்' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். முற்றுகையின் பின்னால் நின்ற காவலை நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஆனால் அந்த அச்சத்தின் விலை என்ன? 1915 மார்ச் 18 அன்று துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணையில் 'நுஸ்ரத்' என்ற சிறு துருக்கியக் கப்பல் பத்து நாள்களுக்கு முன் இட்டுப்போன 26 கண்ணிவெடிகளால் 'பூவே', 'இர்ரெசிஸ்டிபிள்', 'ஓஷன்' என மூன்று பிரெஞ்சு, பிரிட்டிஷ் கப்பல்கள் ஒரே நாளில் போயின. பழையவைதாம், டிரெட்நாட்டுக்கு முந்தையவைதாம். ஆனால் புதிய 'குயின் எலிசபெத்' கப்பலையும் இரண்டு மாதத்துக்குள் அங்கிருந்து திரும்ப அழைத்துக்கொண்டார்கள். இழக்கவே அஞ்சும் ஆயுதத்தை எப்படித் துணிந்து பயன்படுத்துவது?

கலங்கரை:

துணிந்து பயன்படுத்தியவர்களும் உண்டு. 1944 அக்டோபர் 25 விடியலுக்கு முன், பிலிப்பைன்சின் சூரிகாவ் நீரிணையின் வாயில் ஆறு அமெரிக்கப் பெரும்போர்க்கப்பல்கள் குறுக்கே அணிவகுத்து நின்றன. அவற்றில் ஐந்து, பேர்ல் ஹார்பரில் குண்டுபட்டவை. 'வெஸ்ட் வர்ஜீனியா' அங்கே துறைமுகச் சேற்றிலிருந்து தூக்கி நிறுத்தப்பட்ட கப்பல். அன்றிரவு அதுதான் முதலில் சுட்டது, சுமார் 21 கிலோமீட்டரில். எதிரே வந்த ஜப்பானியப் பெரும்போர்க்கப்பல் 'யமாஷிரோ' மூழ்கியது.

சுக்கான்:

அதே இரவைப் பற்றி இரண்டு சேர்க்கைகள். 'யமாஷிரோ'வோடு வந்த 'ஃபூசோ', அந்த ஆறு கப்பல்களின் பார்வைக்கு வருமுன்பே நாசகாரிகளின் டார்பிடோவால் போய்விட்டது; 'யமாஷிரோ'வும் டார்பிடோ பட்டுத் தளர்ந்துதான் அணிவகுப்பை வந்தடைந்தது. மற்றொன்று, ஆறில் ஒன்றான 'பென்சில்வேனியா' அன்றிரவு தன் பெரும் பீரங்கிகளால் ஒரு குண்டும் சுடவில்லை. அதில் இருந்தது பழைய ரேடார். கடைசிவரை இலக்கு அதற்குப் பிடிபடவே இல்லை.